கெண்டைக் குஞ்சுகளைப் பொரிப்பித்து உணவூட்டும் முறை

மலைநாட்டுத் தோட்டங்களில் சிறு குட்டைகளிலும் சீமெந்துத் தொட்டிகளிலும் வளர்ப்பதற்குச் சாதாரணக் கெண்டை ஏற்ற மீனாகும். 1915ஆம் ஆண்டில் இந்நாட்டிற்குக் கொண்டுவரப்பட்ட இம்மீன் குளிரைத் தாங்கவல்லது. எனினும், பொரித்த முதற் பத்து நாட்களுள் குஞ்சுகள் கூட்டமாக மடிந்துபோவதுண்டு. குளிரின்மேல் பழி போடுவோர் பலர். பெரும்பாலும் அவை மடிவது பசியினாலேயாம்.

கிழக்கு ஆபிரிக்காவின் மழைக்குட்டைகளில் வாழும் ஒருவகைச் சிறுமீன்கள், குட்டை வற்றியதும் இறந்துவிடுகின்றன. அவற்றின் முட்டைகளோ சேற்றினுள் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, அடுத்த மழை நீர் தேங்கியவுடன் பொரிக்கின்றன. அதே சேற்றில் உறங்கிய நுண்பிராணிகளின் முட்டைகளும் அப்பொழுதே பொரிப்பதால், குஞ்சு வாய் திறக்கும் வேளையில் இரை ஆயத்தமாயுள்ளது. பீலித் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் அத்தகைய இரை இல்லை. அதனை நாமே முன்கூட்டி உண்டாக்குதல் வேண்டும்.

முட்டையிடுவிப்பதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்னரே குஞ்சுத் தொட்டியை நிரப்புக. ஆயிரம் லீற்றர் நீருக்கு ஒரு கிலோ சாணத்தைச் சாக்குத் துணியிற் கட்டித் தொங்கவிட்டு, மீனில்லாத பழங்குட்டையொன்றின் பச்சை நீரில் ஒரு வாளி ஊற்றுக. கண்ணாடிக் குவளையில் அந்நீரை எடுத்து வெளிச்சத்திற் பார்த்தால், வெண்புள்ளிகள் துள்ளித் திரிவது தெரியும். நீர் நாறினால் சாணப் பொதியை அகற்றிவிடுக.

கெண்டையின் முட்டை ஒட்டுந் தன்மையது. ஆகவே தாய்மீன்களை விடும் தொட்டியில் தென்னந்தும்புக் கட்டுகளை மிதக்கவிடுக. முட்டையிட்டதும் தும்பைக் குஞ்சுத் தொட்டிக்கு மாற்றுக. தவறினால் தாய்மீன்களே முட்டைகளைத் தின்றுவிடும். 25 பாகை செல்சியசில் இரண்டு நாளிற் பொரிக்கும் முட்டை, அட்டனில் நான்கு நாளும், நுவரெலியாவில் அதற்கு மேலும் எடுக்கலாம். நுவரெலியாவில் உறைபனிக் காலமாகிய தை, மாசி கழிந்த பின்னரே இவ்வேலையைத் தொடங்குக. இரவில் தொட்டியைப் பலகையால் மூடுதல் நன்று.

பொரித்த குஞ்சு இரண்டு மூன்று நாட்கள் தும்பில் ஒட்டிக்கொண்டு, தன் வயிற்றிலுள்ள கருவுணவாலேயே வாழும். அப்பொழுது தீனி இடுதல் நீரைக் கெடுக்குமேயன்றி வேறு பயனில்லை. குஞ்சுகள் கிடையாக நீந்தத் தொடங்கும் நாளே தீனி தொடங்கும் நாள். நீரிலுள்ள நுண்பிராணிகள் போதாவிடில், அவித்த முட்டையின் மஞ்சட்கருவைச் சிறிதளவு மெல்லிய துணியிற் கட்டிப் பிழிந்து கலக்குக. கொழுந்து பறிக்கச் செல்லுமுன் ஒருமுறை, நண்பகல் ஒருமுறை, மாலையில் ஒருமுறை என்று கொடுப்பது எளிது. அரைமணி நேரத்தின் பின்னும் நீர் கலங்கியிருந்தால் அளவு மிகுதியென்று அறிக. ஒரு வாரத்தின் பின் சலித்த தவிட்டையும் தேங்காய்ப் பிண்ணாக்குத் தூளையும் சமமாகச் சேர்த்து இடலாம். தும்பியின் இளம்பூச்சிகள் குஞ்சுகளைப் பிடித்துண்பனவாதலால், தொட்டியின்மேல் வலை அவசியம்.

தோட்டங்களுக்கே உரிய ஆபத்து ஒன்றுண்டு. 1946இல் இந்நாட்டிற் பரவிய கொப்புள நோய்க்குத் தேயிலையில் தெளிக்கப்படும் செப்பு மருந்து, மிகச் சிறிய அளவிலும் மீன்குஞ்சுகளைக் கொல்லும். ஆதலால் தெளிக்கும் மலையின் கீழ்ப்புறத்தில் தொட்டி அமைத்தலாகாது. தெளிகருவி கழுவும் கான் நீரும் தொட்டிக்குள் வருதல் கூடாது. தெளிக்கும் நாட்களை முன்கூட்டியே கங்காணியாரிடம் கேட்டறிந்து, அன்றும் அடுத்த மழை ஓயும்வரையும் தொட்டிக்குப் புதுநீர் விடாதிருக்க.