தலைவாயிற் கதவும் அதன் உறுப்புக்களும்

நாள்தோறும் பன்முறை தலைவாயிலைக் கடந்து செல்கின்றோமாயினும், அதன் உறுப்புக்களைப் பெயர் சொல்லிச் சுட்டுமாறு எவரேனும் கேட்பின், நம்முட் பலர் 'கதவு, பூட்டு' என்னும் இரண்டோடு நின்றுவிடுவர். தச்சரோ ஒவ்வோர் உறுப்பிற்கும் தனிப்பெயர் வழங்குவர். அவ்வுறுப்புக்களின் இயல்பையும் தொழிலையும் ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

முதற்கண் அறியற்பாலது, நிலை வேறு, கதவு வேறு என்பது. சுவரிற் பதிந்து அசையாது நிற்பது நிலை. இருமருங்கும் நிற்பன நிலைக்கால்கள். அவற்றை மேலே இணைப்பது மேற்படி. கீழே இணைப்பது கீழ்ப்படியாகிய வாசற்படி. யாத்திராகமம் 12-ஆம் அதிகாரத்திலே பஸ்கா ஆட்டின் இரத்தம் பூசப்பட்ட இடங்கள் இந்நிலைக்கால்கள் இரண்டும் மேற்சட்டமுமேயாம். சங்க நூலாகிய நெடுநல்வாடை அரண்மனை வாயிலொன்றை வருணிக்குமிடத்து, இரும்பாற் பிணித்துச் செவ்வரக்குப் பூசிய இரட்டைக் கதவினையும், நாண்மீனின் பெயர்பெற்ற உத்திரத்தினையும், வெண்சிறுகடுகும் நெய்யும் அப்பிய நெடிய நிலையினையும் கூறுகின்றது. கைவல்ல கம்மியன் இடைவெளி தோன்றாதவாறு முடுக்கிச் சேர்த்தான் என்பதையும் அப்புலவர் மறந்திலர். இன்றும் நிலை வைக்கும் நாளில் மஞ்சளும் குங்குமமும் இட்டு மாவிலை கட்டுகின்றோமன்றோ?

இனிக் கதவு. நெடுஞ்சட்டம் இரண்டு, குறுக்குச்சட்டங்கள் சில, அவற்றினிடையே பலகைகள் என இதன் அமைப்பு எளிதே. ஆயின் அதனுள் ஒரு நுட்பமுண்டு. மரம் ஈரத்தை உறிஞ்சுங்கால் நீளவாக்கிற் பெரிதும் மாறாது, அகலவாக்கிலேயே விரியும். ஆதலின் தச்சன் சட்டத்திற் காடி எடுத்துப் பலகையை அதனுள் செருகுவானேயன்றி ஆணியடித்து இறுக்குவானல்லன். பலகை தன் காடிக்குள் விரியவும் சுருங்கவும் இடமிருத்தலின் கதவு பிளவாது. தேக்கு ஏனைய மரங்களினும் குறைவாகவே சுருங்கும். செல்லும் அதனை எளிதில் அரியாது. அதன் பெருமைக்கு இவையே காரணம், வண்ணமன்று.

கதவைத் தாங்குவது கீல். பண்டை வீடுகளிலோ கீலுக்குப் பதிலாகக் குடுமி இருந்தது. நெடுஞ்சட்டத்தின் மேலும் கீழும் நீட்டிய முனைகள் மேற்படியிலும் கீழ்ப்படியிலும் குடைந்த குழிகளிற் சுழலும். கதவின் பாரம் முழுவதும் கீழ்க்குழியில் இறங்குமாதலின் திருகாணி தளர்தல் என்னும் குறை அங்கில்லை. இம்முறையை நாம் பழையதென்று இகழ்வது தகாது. கீற்கதவிலோ பாரம் மேற்கீலை வெளியே இழுக்கின்றது, கீழ்க்கீலை உள்ளே தள்ளுகின்றது. எனவே கதவின் வெளிமூலை எப்பருவத்தும் படியில் உராயுமாயின் மேற்கீலின் திருகாணிகளையே முதலில் நோக்குக. ஐப்பசி கார்த்திகையில் மட்டும் இறுகுமாயின் அது மரத்தின் பருமை. இழைப்புளியை எடுக்குமுன் தை மாதம் வரை பொறுத்தல் நன்று. மழையில் இழைத்த கதவு கோடையில் இடைவெளி காட்டும்.

அடைப்பன தாழ்ப்பாளும் கொண்டியும் ஆம். தாழின் நாவைத் தாங்குவது நாதாங்கி. பெயரே அதன் தொழிலைக் கூறும். 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் சென்னையருகே கரையேறிய வார்தாப் புயலை நம்மிற் பலர் அறிவர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகமுள்ள காற்று, 3 அடி அகலமும் 7 அடி உயரமுமுள்ள கதவின்மேல் ஏறத்தாழ 90 கிலோகிராம் எடைக்கு ஒப்பான விசையைச் செலுத்தும். நம் கதவுகள் பெரும்பாலும் உட்புறமே திறப்பன. ஆதலின் அவ்விசையிற் பாதியைக் கீல்கள் ஏற்க, மறுபாதியை இரண்டு சிறு திருகாணிகளால் நிற்கும் நாதாங்கி ஏற்கின்றது. முன்னோர் கதவின் குறுக்கே கணையமரம் இட்டதன் கருத்து இதனால் விளங்கும்.

கும்மிடிப்பூண்டிச் சிப்காட் வட்டாரத்திலே இரும்பு உருட்டாலைகள் பல. அங்கும் திருவள்ளூரையடுத்த காக்களூர்த் தொழிற்பேட்டையைச் சார்ந்தும் தொழிலாளர் பலர் ஓரறையிற் சேர்ந்து குடியிருப்பதுண்டு. அத்தகைய அறைக்கு உள்ளே தாழ்ப்பாளும் வெளியே பூட்டுக்குரிய கொண்டியும் இருப்பதே வழக்கம். இரவுமுறை வேலைக்குச் செல்வோர், உறங்குவோரை எழுப்ப மனமின்றி வெளியே பூட்டிச் செல்வராயின், அடுப்பு வாயு கசிந்தாலும் தீப்பற்றினாலும் உள்ளிருப்போர்க்கு வழி யாது? கள்வனைத் தடுக்கும் கொண்டியே அவர்க்குச் சிறையாகும். உள்ளிருந்து திறவுகோலின்றிக் கையாற் திருகித் திறக்கக்கூடிய பூட்டுக்கள் கடைகளிற் கிடைக்கின்றன. வெளியிலிருந்து திறக்கத் திறவுகோல் வேண்டும், உள்ளிருந்து வேண்டுவதில்லை. வாடகைக்கு அறை கட்டுவோர் மரத்தின் விலையைப் பேரம் பேசலாம்; இவ்வுறுப்பிற் சிக்கனம் கருதுதல் கொடிது.

இரும்புத் தகட்டுக் கதவு ஈரத்தால் வீங்காது; ஆயின் துருவேறும். பழவேற்காட்டு ஏரிப்பக்கத்து உப்புக்காற்று அதற்குத் துணைசெய்யும். துரு தொடங்குமிடம் பற்றவைத்த இணைப்புக்களும் நீர் தேங்கும் அடிவிளிம்புமாம். வண்ணம் தீட்டுவோர் முகப்பை இருமுறை பூசி, அவ்வடிவிளிம்பை விட்டுவிடுவர். கதவைக் கீலினின்று கழற்றினாலன்றித் தூரிகை அங்கே செல்லாது.