வண்டிக் கூரையில் சூரிய மின்சாரம்

குப்பத்தில் புறப்பட்டால் ஒரே பகற்பொழுதில் ஆந்திரம், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய மூன்று ராஜ்யங்களிலும் சுற்றி வந்துவிடலாம் என்பதாலோ என்னவோ, வேனுக்குள்ளேயே சமைத்து உறங்க வசதி செய்துகொண்டு, கூரையில் சோலார் பேனலும் பொருத்த விரும்பி யோசனை கேட்போர் இங்கே பெருகிவிட்டனர். அவர்களுடைய கவனம் முழுவதும் கூரையின்மேல் இருக்கிறது. அபாயமோ பேட்டரியை ஒட்டிய ஒரு முழ ஒயரில் இருக்கிறது.

முதலில் கூரை. விளக்கு, விசிறி, கைப்பேசி ஆகியவற்றுக்கு 100 வாட் பேனல் இரண்டு போதும். குப்பம் ஏறத்தாழ 12¾ பாகை வடக்கு அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்டு நடுவிலும் உச்சிவேளையில் சூரியன் நேர் தலைக்குமேல் நிற்கிறது. ஆகவே சாய்வுச் சட்டம் வீண் செலவு, படுக்கையாகவே வையுங்கள். பேனலின் உஷ்ணம் 25 பாகைக்குமேல் ஏற ஏற, பாகைக்குச் சுமார் 0.4 சதவீதம் மின்சாரம் குறைவதால், அடியில் காற்றோட இரண்டு அங்குல இடைவெளி அவசியம். ஒன்றின்மேல் நிழல் விழுந்தாலும் மற்றது வேலை செய்ய, இரண்டையும் இணையாக இணையுங்கள்.

அடுத்து, பொருத்துதல். கேரியர் கம்பியில் நைலாக் நட்டுப் போட்டு முறுக்குவதே என் நியமம். துளையிட்டே தீரவேண்டுமானால், பாலியூரித்தேன் சீலன்ட் பூசுங்கள். குளியலறை சிலிக்கானை நான் தொடுவதில்லை. ஒயர் உள்ளே நுழையுமுன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

இனி, பலரும் இடறும் இடம். சார்ஜ் கன்ட்ரோலரைப் பார்வைக்கு அழகாக டிரைவர் ஸீட்டுக்குப் பின்னால் மாட்டிவிட்டு, பேட்டரிவரை ஐந்து மீட்டருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் இழுத்தால், 12 ஆம்பியர் ஓடுகையில் ஏறத்தாழ 0.9 வோல்ட் வழியிலேயே கரைந்துபோகும், கன்ட்ரோலர் 14.4 வோல்ட் கொடுப்பதாக நம்பிக்கொண்டிருக்க, பேட்டரியோ 13.5 வோல்ட்டில் அரைப்பசியோடு கிடக்கும். கன்ட்ரோலர் பேட்டரிக்கு ஒரு மீட்டருக்குள் இருக்கட்டும். ஒயர் 6 சதுர மில்லிமீட்டராக இருக்கட்டும்.

ஃபியூஸ் எங்கே என்பது அதனினும் முக்கியம். நான் முதன்முறை அதைக் கன்ட்ரோலர் பக்கம் வைத்துவிட்டு, மொகிலி கணவாயில் இறங்குகையில் ரப்பர் கருகும் வாசனை வந்து நிறுத்திப் பார்த்தேன்: பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடையிலிருந்த ஒயர் தகட்டு விளிம்பில் உராய்ந்து, உறை உருகிக்கொண்டிருந்தது. ஷார்ட் ஆனாலும் பேனல் ஒன்றுக்கு ஆறு ஆம்பியருக்குமேல் தராது, பேட்டரியோ நூற்றுக்கணக்கில் கொட்டும். ஆதலால் 20 ஆம்பியர் ஃபியூஸை பாஸிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் வையுங்கள்.

இணைக்கும் வரிசையும் மாறலாகாது. பேனல்களை ஜமக்காளத்தால் மூடி, ஃபியூஸைக் கழற்றி வைத்து, மீட்டரால் பாஸிட்டிவ் நெகட்டிவ் சரிபார்த்து, முதலில் பேட்டரி ஒயரைக் கன்ட்ரோலரில் முடுக்குங்கள். ஃபியூஸைச் செருகியதும் திரையில் பேட்டரியின் வோல்ட் தெரியும். அதன்பின், பேட்டரியின் ரகத்தைக் குறித்துவிட்டு, பேனலை இணையுங்கள். முதலில் பேனலை இணைத்தால், பேட்டரி 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று தெரியாமல் சில கன்ட்ரோலர்கள் கெட்டுப்போகும்.

கழற்றும்போது வரிசை தலைகீழ்: முதலில் பேனல், கடைசியில் பேட்டரி. நூறு கிலோமீட்டர் ஓடியபின் எல்லா நட்டுகளையும் மீண்டும் ஒருமுறை முறுக்கிவிடுங்கள்.