பெட்டிக்குள் வால்வு இல்லை, தம்பி

"அண்ணே, பயஸை ஃபுல்லா ஏத்திட்டேன். இன்னும் டியூப் சவுண்டு வரல." முகூர்த்த மாதம் பிறந்துவிட்டால் இந்தக் குறையோடு யாராவது என் கடைப் படியேறாத வாரம் கிடையாது. பகலில் தறியில் உட்கார்ந்து, மாலையில் ஆர்கெஸ்ட்ராவில் கிதார் பிடிக்கிற ஆரணிப் பையன்கள். கூலியில் மிச்சம் பிடித்து டிஜிட்டல் ஆம்ப் பெட்டி வாங்கியிருக்கிறார்கள். அதில் பயஸ், சேக், ஹம் என்று வால்வு சம்பந்தப்பட்ட அளவுகள் ஒரு பக்கம் முழுக்க வருகின்றன. பயஸைக் கடைசிவரை தள்ளினால் வால்வு சூடாகும், நிஜ ஆம்ப் மாதிரி பாடும் என்று யாரோ சொல்ல, அது போளூர், செய்யாறு வரைக்கும் போய்விட்டது. போன வாரம் வந்தவர் இன்னும் ஒரு படி மேலே. கச்சேரிக்கு அரை மணி நேரம் முன்பே பெட்டியைப் போட்டு "சூடேற்ற" வேண்டுமாம்.

எத்தனை பேருக்குத்தான் தனித்தனியாகச் சொல்வது? எழுதியே வைத்துவிடுகிறேன்.

நான் வால்வு ரேடியோவும் வால்வு மைக் செட்டும் பழுதுபார்த்துத் தொழில் கற்றவன். பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் செய்த வால்வுகளை அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துச் செருகிய கை இது. பையன்கள் டியூப் என்று சொல்கிற இந்த வால்வுக்குள் ஹீட்டர் கம்பி செம்மஞ்சளாக எரியும். அது சூடானால்தான் எலெக்ட்ரான் கிளம்பும். உங்கள் பெட்டியில் எரிவது திரை மட்டும். உள்ளே இருக்கும் சிப்பு, நொடிக்குப் பல்லாயிரம் தடவை, "இந்த வால்வு இருந்திருந்தால் இந்தக் கணத்தில் என்ன செய்திருக்கும்" என்று கணக்குப் போடுகிறது. பயஸ் அந்தக் கணக்கில் ஒரு எண். கணினியில் ஜக்கார்டு டிசைன் போடுகிறவர் ஒரு கட்டத்தைச் சிவப்பாக்கினால் சாயத்தொட்டி கொதிக்குமா? முதல் நொடியில் வரும் ஒலிதான் அரை மணி கழித்தும் வரும்.

சரி, சூடு பொய் என்றே வைத்துக்கொள்வோம், கணக்கிலாவது பயஸை ஏற்றினால் ஒலி முறுகாதா என்று கேட்பார்கள். இங்கேதான் வால்வைக் கையில் தொடாதவர்கள் சறுக்குகிறார்கள். பயஸ் என்பது கிதார் கம்பியைத் தொடாமல் ஆம்ப் சும்மா இருக்கும்போது பவர் வால்வில் எவ்வளவு மின்னோட்டம் ஓட வேண்டும் என்பதற்கான அளவு. பெரும்பாலான பெரிய கிதார் ஆம்ப்களில் வால்வுகள் ஜோடியாக வேலை செய்யும். அலையின் மேல்பாதி ஒன்றுக்கு, கீழ்ப்பாதி மற்றதற்கு. ஓட்டம் மிகக் குறைந்தால், ஒன்று கைமாற்றி மற்றது வாங்கும் இடத்தில் அலையில் ஒரு சின்னப் பள்ளம் விழும். மெதுவாக வாசிக்கும்போது மணல் உரசுவது போல் கேட்கும். ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டினால் பள்ளம் நிரம்பிவிடும். அதற்கு மேலும் கூட்டிக்கொண்டே போனால் நிஜ ஆம்பில் முறுக்கா வரும்? வால்வின் தகடு சிவக்கும், அப்புறம் வால்வு போகும்.

இஎல்34 வால்வின் தகடு தாங்கும் வெப்பம் 25 வாட். பழுதுபார்ப்பவர்கள் அதில் 70 சதவீதத்தை, அதாவது 17.5 வாட்டைத்தான் எல்லையாக வைப்பார்கள். தகட்டில் 450 வோல்ட் இருந்தால் ஒரு வால்வுக்குச் சுமார் 39 மில்லி ஆம்பியர். ஆம்பின் முதுகைக் கழற்றி, ஒரு கையைப் பைக்குள் வைத்துக்கொண்டு, மறு கையில் ஸ்குரூ டிரைவரோடு செய்கிற வேலை அது. ஆள் சாகிற வோல்டேஜ். அந்தக் காலத்து கிதார்காரர்களுக்குப் பயஸ் பெரும்பாலும் முன்பக்கக் குமிழாக இருந்ததில்லை. இப்போது திரையில் டிரெபிளுக்கு இரண்டு வரி தள்ளி வந்து உட்கார்ந்திருப்பதால் அதையும் டிரெபிள் மாதிரி முறுக்குகிறார்கள்.

பையன்கள் படிக்காத இன்னொன்று: மாஸ்டர், அதாவது பவர் வால்வை எவ்வளவு விரட்டுவது என்பதற்கான அளவு. லைன் 6 ஹீலிக்ஸ் என்ற டிஜிட்டல் பெட்டியின் கையேட்டிலேயே இருக்கிறது, மாஸ்டர் எவ்வளவு குறைவோ அவ்வளவுக்கு மற்ற பவர் ஆம்ப் அளவுகளின் விளைவும் குறையும் என்று. வால்வு தெரிந்தவனுக்கு இதில் வியப்பே இல்லை. பவர் வால்வைத் திணறும் அளவுக்கு விரட்டினால்தானே அது எந்த நிலையில் திணறுகிறது என்று காதுக்குத் தெரியும்? சும்மா உட்கார்ந்திருப்பவனுக்கு மூச்சு வாங்குகிறதா என்று பார்த்து என்ன பயன்?

என் கடையில் இதைச் செய்தே காட்டுகிறேன். மாஸ்டரை 2-இல் வைத்து, வாசிக்கிறவர் கண்ணை மூடிக்கொள்ள, நண்பர் பயஸைக் கீழிருந்து மேலே கொண்டுபோவார். எப்போது மாறியது என்று இதுவரை ஒருவரும் சரியாகச் சொன்னதில்லை. அப்புறம் மாஸ்டரை 8-க்கு ஏற்றி, சத்தம் கூடாமல் சேனல் வால்யூமைக் குறைத்துவிட்டு, அதையே மறுபடி. இப்போது சொல்கிறார்கள். அப்போதும் "கொஞ்சம் அமுங்கின மாதிரி இருக்குண்ணே" என்கிற அளவுதான். உச்சியில் வைத்தால் அந்த ஆம்ப் ஏ வகுப்பில், அதாவது இரண்டு வால்வும் அலை முழுக்க ஓடுகிற முறையில், ஓடும் கணக்குக்குப் போய்விடும். அது வேறொரு குணம், "இன்னும் நிஜம்" கிடையாது. நிஜ ஆம்பை அளந்து வைத்த எண் உங்களுக்குப் பெட்டியோடு வந்த எண்தான். அதை விட்டு எவ்வளவு தூரம் போகிறீர்களோ, நிஜத்தை விட்டும் அவ்வளவு தூரம்.

அப்படியானால் மண்டபத்தில் ஏன் தேனீக் கூட்டம் மாதிரி இரைகிறது? பத்துக்கு ஒன்பது தடவை ஸ்பீக்கர்தான் காரணம். கிதார் ஆம்பின் 12 அங்குல ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கூர்மையை விழுங்கிவிடும். மண்டபத்து ஒலிபெருக்கி எதையும் விழுங்காது. பெட்டியில் ஸ்பீக்கரைக் கணக்குப் போடுகிற கேபினெட் பகுதியை அணைத்துவிட்டு நேராக மிக்சருக்கு லைன் கொடுத்தால் வால்வு முறுக்கின் கூர்மை முழுக்க அப்படியே சபைக்குப் போகும். கேபினெட்டைப் போடுங்கள், அதில் வரும் மைக் இடத்தைக் கொஞ்சம் நகர்த்துங்கள். பயஸில் ஒரு மாதம் தேடியும் கிடைக்காதது ஒரு நிமிடத்தில் கிடைக்கும்.

பையன்கள் சொல்கிற மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை.

"இஎல்34 போட்டால் எந்த ஆம்பும் மார்ஷல்." ஜிம் மார்ஷலின் லண்டன் கடையில் 1962-இல் உருவான முதல் மார்ஷல், ஜேடிஎம்45, ஃபெண்டர் பாஸ்மேன் சுற்றைப் பார்த்துச் செய்தது. அதில் முதலில் இருந்தது 5881 வால்வு, பிறகு கேடி66. இஎல்34 அதற்குப் பின்னால்தான் வந்தது. இஎல்34 இல்லாத அந்தப் பெட்டியும் மார்ஷல்தான்.

"சேக் கூடினால் உயிர் கூடும்." சாயங்காலம் அரிசி ஆலை மோட்டாரைப் போட்டதும் நம் வீட்டு பல்பு ஒரு கணம் மங்கி மீள்கிறதே, அதுதான் சேக். ஆம்ப் திடீரென்று நிறைய மின்சாரம் கேட்கும்போது உள்ளே வோல்டேஜ் இறங்கி ஏறுகிறது. நீட்டி இழைக்கிற லீடுக்கு அழகு. குத்துப்பாட்டு ரிதமுக்கு வைத்தால் அடி எல்லாம் பஞ்சாகிவிடும்.

"டிஜிட்டல் ஒலி பின்தங்கும்." மூன்று மில்லி நொடி தாமதம் என்பது ஸ்பீக்கரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம். டிரம்மர் உங்களிடமிருந்து அதைவிடத் தூரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

"ஹம் அளவைப் பூஜ்யம் வைத்தால் இரைச்சல் போகும்." இதைக் கேட்டால்தான் எனக்கு நெஞ்சு பதறுகிறது. அந்த எண், பழைய ஆம்புக்குள் ஹீட்டர் கம்பி தந்த ஹம்மின் கணக்கு. மண்டபத்தில் நீங்கள் கேட்கும் இரைச்சல் கிதார் பிக்கப்பிலும் ஒயரிலும் ஏறுவது. கம்பியைக் கையால் தொட்டதும் இரைச்சல் கூடினால் எர்த்தைச் சந்தேகப்படுங்கள்.

நம் பக்கத்தில் எத்தனையோ மண்டபங்களின் மேடை பிளக்கில் மூன்றாவது துளை வெறும் அலங்காரம். ஜெனரேட்டருக்கு மாற்றும்போது கேட்கவே வேண்டாம். 1972-இல் பிரிட்டனின் ஸ்வான்சி நகர மேடையில் ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிதார் கலைஞர் லெஸ்லி ஹார்வி, சரியாக எர்த் ஆகாத மைக்கைத் தொட்ட இடத்திலேயே மின்சாரம் பாய்ந்து இறந்தார். கம்பி ஒரு கையில், மைக் உதட்டருகில். நம் பையன்கள் தினமும் நிற்பது அதே நிலையில். மாப்பிள்ளை வீட்டாரிடம் எல்இடி சுவருக்குப் பேசுகிற மேலாளர்களே, மேடைக்கு ஒரு எர்த் குழியும் மின்கசிவு வந்தால் தானே அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் கேட்டு வாங்குங்கள். கேட்டால் மண்டபக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

கேபிளைச் செருகிய பிறகு, மைக்கை நெருங்கும் முன், கிதார் கம்பியிலும் மைக் வலையிலும் டெஸ்டரை வைத்துப் பாருங்கள். இரண்டில் எதில் டெஸ்டர் எரிந்தாலும் வாசிக்க வேண்டாம். எலெக்ட்ரீஷியன் வரும்வரை மணமேடையில் நாதஸ்வரம் வாசிக்கட்டும்.