மூடிய சாளரம் மறைக்காதவை

கடந்த நோன்பு விடுமுறையில் என் தோழி தன் உம்மாவின் இரத்தப் பரிசோதனை அறிக்கையை அச்செடுக்கக் கல்முனையில் ஒரு கொமியூனிகேஷனுக்குப் போனாள். குரோமில் இன்கொக்னிட்டோ சாளரத்தைத் திறந்து, அறிக்கையை இறக்கி அச்செடுத்து, சாளரத்தை மூடிவிட்டு வந்தாள். "இனி ஒண்டும் இரிக்காது புள்ள" என்றாள். மறுநாள் இருவரும் அதே கணினியில் இருந்தோம். டவுன்லோட்ஸ் கோப்புறையில் உம்மாவின் பெயரோடு அறிக்கை அப்படியே கிடந்தது.

உயர்தரத்தில் கணினி படிக்கும் எனக்கும் இது அதுவரை தெரியாது என்பதுதான் வெட்கம்.

அந்தச் சாளரத்தை மூடியதும் வரலாறு, குக்கிகள், படிவங்களில் எழுதியவை ஆகியவற்றை மேலோடி விட்டுவிடும். நாம் இறக்கிய கோப்பு அதன் கணக்கில் சேராது. மேலோடி மறந்ததைப் பணிசெயல் முறைமை மறப்பதுமில்லை. தளத்தின் பெயருக்குரிய ஐபி முகவரியைத் தேடி எடுத்தால், அந்த விடையை விண்டோஸ் சிறிது நேரம் வைத்திருக்கக்கூடும். நானாவின் மடிக்கணினியில் (கேட்டுவிட்டுத்தான்!) கட்டளைச் சாளரத்தில் 'ஐபிகொன்ஃபிக் /டிஸ்பிளேடிஎன்எஸ்' என்று தட்டினேன். மூடிய சாளரத்தில் நான் பார்த்த சில தளங்களின் பெயர்கள் வந்தன.

கணினியை அணைத்தால் அந்தப் பட்டியல் போய்விடும். ஆனால் ரேம் நினைவகத்தில் இடம் போதாதபோது, முறைமை அதிலுள்ள சில பகுதிகளை வன்வட்டிலுள்ள பேஜ்ஃபைல் என்ற கோப்புக்கு மாற்றும். மின்சாரம் போனாலும் அவை அங்கே தங்கலாம். தடயவியல் ஆய்வாளர்கள் தேடும் இடங்களில் அதுவும் ஒன்று. 2010இல் ஸ்டான்போர்டின் டான் போனே உள்ளிட்ட நால்வர் நான்கு மேலோடிகளைச் சோதித்து இத்தகைய கசிவுகளை எழுதினார்கள். நாம் சேர்க்கும் நீட்சிகளும் இரகசியத்தைக் கெடுக்கலாம் என்றார்கள்.

கணினிக்கு வெளியே இணைய சேவை வழங்குநரும் நாம் போகும் தளமும் இருக்கின்றன. இன்கொக்னிட்டோவிலும் தரவு சேகரித்ததாகக் கூகுள் மீது 2020இல் அமெரிக்காவில் வழக்கு வந்தது. 2024இல் பல நூறு கோடிப் பதிவுகளை அழிக்க அது ஒப்புக்கொண்டது.

படத்தைக் காட்டி ஒரு பெண்பிள்ளையை மிரட்டுபவனும் இதே சாளரத்தைத்தான் நம்புவான். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின் கீழ், நிபுணர்களின் உதவியோடு அவனது கணினியை ஆராயப் பொலிஸாருக்கு வழியுண்டு. ஆகவே அப்படி மிரட்டல் வந்தால், பயத்தில் அந்தச் செய்திகளை அழித்துவிடாதீர்கள்.

அன்று கடையில் அறிக்கையை அழித்து, மீள்சுழற்சித் தொட்டியையும் காலி செய்தோம். அந்த இடத்தில் வேறு தரவு எழுதப்படும் வரை அழித்த கோப்பையும் மீட்டெடுக்கலாம் என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் வாசித்தேன். தோழியிடம் இன்னும் சொல்லவில்லை; இதை வாசித்துத்தான் அறியப்போகிறாள்.