திருநாதர்குன்றும் மனவிழிப்புப் பயிற்சியும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நடக்கும் கணத்தில் கவனத்தை நிறுத்துவதும், அந்தக் கவனத்தோடு உடலைத் தளரவிடுவதும்தான் மனவிழிப்புப் பயிற்சி. ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ என்ற பெயரில் கைப்பேசிச் செயலிகள் வழியே பரவியதால் இது மேல்நாட்டுச் சரக்கு என்று பலர் நம்புகிறார்கள். இதை மருத்துவமனைக்குள் கொண்டுபோனவர் ஜான் கபாட்-ஜின் என்ற அமெரிக்கர்தான். 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் அவர் எட்டு வாரப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். ஆனால் அதன் வேர் பௌத்தத் தியானம். அதற்கு நெருங்கிய உறவுடைய சமண முறையின் சுவடு செஞ்சியிலேயே இருக்கிறது.

செஞ்சிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கோட்டையைப் பார்த்த கையோடு திரும்பிவிடுகிறார்கள். ஆனால் சிறுகடம்பூரை ஒட்டிய திருநாதர்குன்றில், ஒரே பாறையில் வரிசைக்கு 12 பேராக 24 சமணத் தீர்த்தங்கரர்கள் தியானத்தில் அமர்ந்திருக்கிறார்கள். முதுகு நிமிர்ந்திருக்கிறது, முகத்தில் இறுக்கம் இல்லை. சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததைச் சொல்லும் பழைய கல்வெட்டும் இதே குன்றில் உண்டு. தமிழ்ப்பிராமி வட்டெழுத்தாக மாறிவந்த காலத்தது என்பதால் எழுத்தியலாளர்கள் அதைப் போற்றுகிறார்கள்.

இந்தக் கல்வெட்டைக் கேள்விப்படுகிறவர்களுக்கு, தியானம் என்றால் உடலை வருத்துவது என்ற எண்ணம் எளிதில் வந்துவிடும். அது சரியல்ல. அந்த நோன்பு சல்லேகனை. வாழ்வின் இறுதியில் ஏற்பது. அன்றாடப் பயிற்சி வேறு. சாமாயிகம் என்பது வழக்கமாக 48 நிமிடம் விருப்பு வெறுப்பின்றி அமர்வது. காயோத்சர்க்கம் என்ற சொல்லுக்கே உடலை விட்டுவிடுதல் என்றுதான் பொருள். சம்மணமிட்டால்தான் தியானம் என்ற நம்பிக்கையும் இங்கே அடிபடுகிறது. காயோத்சர்க்கத்தை உட்கார்ந்தும் செய்யலாம், படுத்தும் செய்யலாம். சிரவணபெளகொளாவின் பாகுபலி நின்றபடியே அதில் இருக்கிறார். பின்னாளில் சமண ஆசாரியரான மகாபிரக்ஞர் 1975-இல் வகுத்த பிரேக்ஷா தியானத்தில், உடலின் ஒவ்வொரு பகுதியாகக் கவனத்தை நகர்த்தித் தளர்த்துவது முக்கியமான படி.

எல்லாவற்றிலும் பிடிவாதமான நம்பிக்கை, மனம் காலியாக வேண்டும் என்பது. பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, “எனக்கு இது வராது” என்று எழுந்துவிடுவோர் இதனால்தான் எழுகிறார்கள். மனம் அலைவது குறைபாடு அல்ல. 2010-இல் வெளியான ஹார்வர்ட் ஆய்வு ஒன்று 2,250 பேரிடம் பகலில் அவ்வப்போது கேட்டுப் பார்த்ததில், ஏறக்குறைய 47 சதவீத நேரம் மனம் செய்கிற வேலையை விட்டு வேறெங்கோ இருந்தது. அலைந்ததைக் கண்டுகொண்டு திரும்பி வருவதே பயிற்சி. செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிப் படிகளில் இதைப் பார்க்கலாம். கருங்கல் படிகள் ஒரே அளவாக இல்லை. காலை எங்கே வைப்பது என்று பார்த்து ஏறும்வரை பாதமும் மூச்சும் கவனத்தில் இருக்கும். வீட்டு நினைப்பு வந்ததும் கால் இடறும். இடறலை உணர்ந்து அடுத்த படியைப் பார்க்கிற அந்த நொடி போதும். கையில் இருக்கும் பொட்டலத்தைக் குரங்கு பறித்தாலும் அதே நொடி கிடைக்கும். அதைப் பயிற்சியில் சேர்ப்பதில்லை.

தளர்வு என்பது தூக்கமும் அல்ல. மூச்சை வெளிவிடும்போது இதயத்துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறைகிறது. மெதுவாக நீட்டி வெளிவிட்டால் உடல் அமைதிப்பக்கம் சாய்கிறது; விழிப்பு அப்படியே இருக்கிறது. எல்லோருக்கும் இப்படி நேர்வதில்லை. கண்ணை மூடி அமர்ந்ததும் பதற்றம் கூடுகிறவர்களும் உண்டு, குறிப்பாகப் பழைய அதிர்ச்சிகளைச் சுமப்பவர்கள். அவர்கள் கண்ணைத் திறந்துகொள்ளலாம், எழுந்து நடக்கலாம். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

கடைசியாக, சர்வரோக நிவாரணி என்ற பேச்சு. 2014-இல் 47 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் தியானத்தால் ஓரளவு பயன் தெரிந்தது. மருந்தையோ உடற்பயிற்சியையோ விட மேலானது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. 2022-இல் பதற்ற நோயாளிகள் 276 பேரை வைத்து நடந்த ஆய்வில், எட்டு வார மனவிழிப்புப் பயிற்சி எஸிடலோப்ராம் மாத்திரைக்கு ஈடாகப் பலன் தந்தது. அதைப் படித்துவிட்டு, சாப்பிட்டு வரும் மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் யாரும் நிறுத்திவிடக் கூடாது.