வண்டி தரும் மின்சாரம்

வாகனத்திலிருந்து வீட்டு உபயோகத்துக்கு மின்சாரம் எடுக்க விரும்புகிறவர்கள், பெரிய இன்வெர்ட்டர் ஒன்றை வாங்கிவிட்டால் காரியம் முடிந்ததென்றே பெரும்பாலும் எண்ணுகிறார்கள். ஆனால் 12 வோல்ட்டை 230 வோல்ட்டாக உயர்த்தித் தருவதன்றிச் சக்தியைப் புதிதாகச் சிருஷ்டிக்கும் திறன் அக்கருவிக்கு இல்லையாதலால், 1000 வாட் வேண்டுமானால் பாட்டரியிலிருந்து ஏறக்குறைய 100 ஆம்பியர் ஓடிவந்தாக வேண்டும் என்ற கணக்கை முதலில் மனத்தில் இருத்திக்கொள்வது அவசியம்.

சிகரெட் லைட்டர் துவாரத்தின் பியூஸ் சாதாரணமாக 10 அல்லது 15 ஆம்பியரே தாங்கும்; அதன் வழியே 150 வாட்டுக்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமன்று. அதிகம் வேண்டுவோர் பாட்டரியிலிருந்தே நேராகக் கம்பி இழுக்க வேண்டும்: 1000 வாட்டுக்கு 25 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செப்புக் கம்பி, இயன்றவரை குறைந்த நீளம், பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் தக்க பியூஸ். வேலை நடக்கையில் இணைப்புகளைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பது என் வழக்கம்; கம்பி குளிர்ந்திருக்க, அதன் முனையிலுள்ள லக் மட்டும் சுடுமானால், நட்டு தளர்ந்தோ களிம்பு பிடித்தோ இருக்கிறதென்று தெரிந்து, உடனே நிறுத்திச் சுத்தம் செய்து இறுக்கிவிடுவேன்.

2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவின் மின்கம்பங்களை வரிசை வரிசையாகச் சாய்த்துவிட்டுப் போனபின், எங்கள் வீட்டுக்கு விளக்கும் காற்றும் அளித்தது வாசலில் நின்ற டீசல் ஜீப்பே. 60 ஆம்பியர்-மணி பாட்டரியில் அடங்கியது 720 வாட்-மணிதான். அதைப் பாதிக்கு மேல் வற்றவிட்டால் ஆயுள் குன்றுவதோடு வண்டியும் கிளம்ப மறுக்குமாதலால், சேதாரம் போக 300 வாட்-மணியே கைக்குக் கிட்டும். ஆயினும் 30 வாட் விசிறி ஒன்றும் எல்.இ.டி. பல்புகள் இரண்டும் ஆறு மணி நேரம் நடக்க அது போதுமானது. இன்வெர்ட்டர் கூவி எச்சரிக்கும் 10.5 வோல்ட்டுவரை காத்திருத்தல் தகாது. சுமையை நீக்கிச் சற்று நேரம் விட்டுப் பார்க்கையில் 12.2 வோல்ட் காட்டினாலே இஞ்சினை ஓட்டிவிட வேண்டும். வெறுமனே ஓடும் இஞ்சினில் டைனமோ தன் முழுச் சக்தியைத் தராது. வேகத்தைச் சிறிது கூட்டிவைப்பது நலம். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமற்ற விஷமாகையால், கொட்டகைக்குள்ளோ ஜன்னலருகிலோ வண்டியை ஓடவிடவே கூடாது.

மோட்டார் உள்ள சாதனங்களுக்குச் சுத்த சைன் அலை இன்வெர்ட்டரே உகந்தது. மலிவான வகையில் விசிறி உறுமும், மோட்டாரும் சூடேறும். மிக்சி கிளம்பும் கணத்தில் பன்மடங்கு மின்சாரம் இழுக்குமாகையால், அதற்கும் இடம் வைத்தே இன்வெர்ட்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அடிக்கடி தேவைப்படுவோர், ஆழ்ந்த வடிப்பைத் தாங்கும் இரண்டாவது பாட்டரியை ஐசொலேட்டர் வழியாகச் சேர்த்துக்கொள்ளலாம். 2023இல் வந்த நெக்ஸான் இ.வி. போன்ற மின்சாரக் கார்களோ 3.3 கே.வி.ஏ. வரை தாமே வெளியே தருகின்றன.

எத்தனை வாட் கிடைத்தாலும் அதை வீட்டுச் சுவரின் பிளக்கில் செருகி ஒயரிங் முழுவதற்கும் செலுத்தலாகாது. தனி எக்ஸ்டென்ஷன் பெட்டியில்தான் சாதனங்களை இணைக்க வேண்டும். வீட்டிலிருந்து பின்னோக்கிப் பாயும் மின்சாரம் டிரான்ஸ்பார்மரில் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்ந்து, லைன் செத்திருக்கிறதென்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் மின்வாரிய ஊழியரின் உயிரைப் பறித்துவிடும். நம் வீட்டு வெளிச்சத்துக்கு இன்னொருவர் உயிர் விலையாகக் கூடாது என்பதே இவ்விஷயத்தில் முதல் விதி.