பிழையும் திருத்தமும்

முன்னுரை

குறையில்லாத மாந்தர் உலகில் இலர். இவ்வுண்மையை மறுப்பாரும் இலர். ஆயினும், ‘மனிதர் எல்லார்க்கும் குறை உண்டு’ என்று தயக்கமின்றிக் கூறும் நாம், ‘உம்மிடம் உள்ள குறை யாது?’ என்று ஒருவர் வினவினால் விடையின்றி நிற்கின்றோம். குறையைப் பொதுவாக ஒப்புக்கொள்வது எளிது. இன்ன குறை எனப் பெயர் சுட்டி ஒப்புக்கொள்வது அரிது. அவ்வரிய செயலே ஒருவர் தம்மைத் திருத்திக்கொள்வதற்கு முதற்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

வள்ளுவர் காட்டும் கண்

குற்றம் களைதலைப் பற்றித் திருவள்ளுவர் தனி அதிகாரமே வகுத்துள்ளார். ‘குற்றங்கடிதல்’ என்னும் அந்த 44ஆம் அதிகாரம் பொருட்பாலில், அரசனுக்குரிய பண்புகளைக் கூறும் பகுதியில் அமைந்துள்ளது. நாடாள்பவன் முதலில் தன் குற்றத்தை நீக்கிப் பின்னரே பிறர் குற்றத்தைக் காணவேண்டும் என்பது அங்குக் கூறப்படும் முறை.

ஆனால், தன் குற்றத்தைக் காணும் வழியை அவர் வேறோர் இடத்தில் வைத்துள்ளார். அறத்துப்பாலில் உள்ள ‘புறங்கூறாமை’ அதிகாரத்தின் இறுதிக் குறள் அது. அயலார் குற்றத்தைக் காண்பதுபோல் தம் குற்றத்தையும் காணவல்லவர்க்குத் தீங்கே இல்லை என்பது அதன் கருத்து. இவ்வைப்புமுறை சிந்திக்கத்தக்கது. புறங்கூறுவோன் பிறர் குறையைப் பொதுவாகச் சொல்வதில்லை. எங்கே, எப்போது, எவ்வாறு என்று துல்லியமாகச் சொல்கிறான். கூரிய கண் நம் எல்லாரிடமும் உண்டு. அது வெளிநோக்கியே திறந்திருக்கின்றது. அதனை உள்நோக்கித் திருப்புக என்பதே வள்ளுவர் தரும் பாடம்.

அவையடக்கமும் ஒப்புக்கொள்ளலும்

காப்பியப் புலவர்கள் அவையடக்கம் பாடுவது தமிழ் மரபு. பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனைக்குத் தம்மை உவமை கூறினார் கம்பர். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரும் அவையடக்கம் கூறியே நூலைத் தொடங்கினார். பெரும்புலவர்க்கு அஃது அணியாகும்.

நாமோ அம்மரபின் சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கின்றோம். மேடையில் ‘அறிவிற் சிறியேன்’ என்று தொடங்குகின்றோம். இறங்கியபின், ‘நீங்கள் கூறிய ஆண்டு தவறு’ என்று ஒருவர் சொன்னால் முகம் சுருங்குகின்றோம். பணிவுரை வேறு, பிழையை ஒப்புக்கொள்ளல் வேறு என்பது அப்போது வெளிப்படுகின்றது.

உ.வே.சா. வாழ்வில் ஒரு நிகழ்ச்சி

1880ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார் உ.வே.சாமிநாதையர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்டவர் அவர். அவ்வாண்டில் அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். தாம் கற்ற அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ்கள் என ஒரு நீண்ட பட்டியலையே கூறினார். முதலியார் வியக்கவில்லை. சீவக சிந்தாமணியும் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் படித்ததுண்டா என்று வினவினார். படித்ததில்லை என்பதை ஐயர் ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

நூல் கிடைத்தால் பொருள் கூறிவிடலாம் என்னும் துணிவு அவருக்கு இருந்தது. நூல் கிடைத்தது, அத்துணிவு நிலைக்கவில்லை. சமண சமயக் கருத்துகள் தமக்குத் தெரியாமையே தடை என உணர்ந்தார். உணர்ந்தவர், ஆசிரியர் என்னும் நிலை பாராமல், கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களின் இல்லம் தேடிச் சென்று கேட்டறிந்தார். 1887ஆம் ஆண்டு சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது. இந்நிகழ்ச்சிகளை மறைக்காமல், 1940 முதல் ஆனந்த விகடனில் வெளிவந்த ‘என் சரித்திர’த்தில் அவரே எழுதினார்.

‘நாம் அறிவிற் குறைந்தோம்’ என்று வருந்தியிருந்தால் அவர் எங்கும் சென்றிருக்க இயலாது. ‘சமணம் தெரியவில்லை’ என்று கண்டதனால், யாரிடம் செல்லவேண்டும் என்பது தெரிந்தது. பெயரிடப்பட்ட குறை தான் நீங்கும் வழியையும் உடன் காட்டுகின்றது.

நாம் கற்ற பாடம்

மேற்கூறிய குறளையே நாம் தவறாக நடத்திய வரலாறு ஒன்று உண்டு. விரிவுரையாளராகப் பணியேற்ற முதலாண்டு. உரைநூலைப் புரட்டாமல் வகுப்பிற்குச் சென்றோம். ‘ஏதிலார்’ என்னும் சொல்லுக்கு ‘பொருள் ஏதும் இல்லாதவர், வறியவர்’ என்று விளக்கினோம். பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, வீட்டில் உள்ள உரையில் அயலார் என்று இருக்கிறதே?” என்றார். “இப்படியும் ஓர் உரை உண்டு” என்றோம். அப்படியோர் உரையை நாம் கண்டதில்லை. மாணவர் அமர்ந்தார், அதன்பின் அப்பருவம் முழுவதும் அவர் ஐயம் எதுவும் எழுப்பவில்லை.

பருவத் தேர்வு வந்தது. விடைத்தாள்களைத் திருத்த அமர்ந்தோம். ‘வறியவர் குற்றம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார், அடுத்த தாளிலும் அதுவே, அதற்கடுத்ததிலும் அதுவே. சிவப்பு மையால் சுழிக்கச் சென்ற கை நின்றது. பிறர் கையெழுத்தில் நம் குற்றம் நம்முன் கிடந்தது. அயலார் குற்றம்போல் தம் குற்றம் காண்பது எத்தகையது என்பதை அன்றுதான் அறிந்தோம்.

மறுநாள் வகுப்பில் இரண்டு பிழைகளைத் தனித்தனியே கூறினோம். ஒன்று, படிக்காமல் வந்தது. மற்றொன்று, இல்லாத உரையை உண்டென்றது. முதலாவதைச் சொல்ல அவ்வளவு கடினமில்லை; இரண்டாவதைச் சொல்லும்போது குரல் தடுமாறியது. மாணவர் எவரும் நகைக்கவில்லை. அவ்வார இறுதியில் அப்பின்வரிசை மாணவர் மீண்டும் ஓர் ஐயத்துடன் எழுந்தார். அதற்கு எமக்கு விடை தெரியவில்லை. “பார்த்து நாளை சொல்கிறோம்” என்றோம். அச்சொல்லை இன்றுவரை கைவிடவில்லை.

முடிவுரை

பழைய பதிப்பு நூல்களில் பிழைதிருத்தப் பட்டியல் இருக்கும். பக்கம், வரி, பிழை, திருத்தம் என நான்கு பத்திகள். ‘இந்நூலில் பிழைகள் இருக்கலாம்’ என்னும் பொதுக்குறிப்பு படிப்பவர்க்குப் பயன்படாது. பக்கமும் வரியும் சுட்டிய பட்டியலே பயன்படும். அதேபோல், ‘என் இயல்பே அப்படி’ என்று கூறி நிற்பவர் பிழைப் பத்தியை நிரப்பித் திருத்தப் பத்தியை வெறுமையாக விட்டவர் ஆவார். குறையை ஏற்பது அதனோடு உறவு கொண்டாடுவதற்கன்று.

மாணவர்களே! உங்கள் நாளேட்டில் அப்பட்டியலுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். நாளுக்கு ஒரு வரி போதும். ஆசிரியப் பெருமக்களும் பெரியோர்களும் தம் பட்டியலில் ஒரு வரியையேனும் இளையோர் அறியச் சொல்வார்களாயின், பிழையை ஒப்புக்கொள்வது இழிவன்று என்பதை அவர்கள் கண்டு கற்பார்கள்.